அவருக்காக நான் சொன்ன சம்மதம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு வாக்கியம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் உட்காரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். வாரப்பத்திரிகை படித்துப் படித்து வந்த தமிழ்தான் இது. போதாததற்கு இப்போது மறதி வேறு. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். அதனால் முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயத்தை மட்டும் மறக்கவில்லை. மறந்துபோனால் நன்றாயிருக்குமே என்று நான் ஏங்குகிற விஷயம் அது.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே ஹைதராபாத்துக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்குக் குஷாய்குடா பக்கத்தில் அரசாங்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. செய்து வருகிற சாமானைச் சோதித்துப் பார்க்கிற பகுதி. டிப்ளமா படித்தவர். அங்கே ஹைதராபாத்துக்காரர்களோடு பழகி, ஆமாம் என்பதற்கு ஹவ் என்றும், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றும், ஏன் என்பதற்குக் கைக்கு என்றும் வீட்டிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தோசை இன்னொன்று வைக்கட்டுமா என்றால் நக்கோ. காப்பி வேண்டுமா என்றால் ஹவ். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிப்போனது.

ரெசிஸ்டர் என்று ஒரு பொருள். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசாக, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, உடம்பில் வண்ணக் கோடுகளோடு இருக்கும். அந்தக் கோடுகளைப் பார்த்து அதன் அளவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் தடுமாறுவார்களாம். அவர்களுக்காக இவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதன் பேரை அடித்து, நிறங்களை அடித்தால், அளவைச் சொல்லும். அவ்வளவுதான்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இங்கிலீஷில் நான்கு எழுத்து, அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஏன் இந்தப் பேர் என்று ஒருமுறை கேட்டேன். "வலது கையில ரெசிஸ்டரப் புடிச்சிருப்பேன் புள்ள. இடது கைக்கு எட்டுற எழுத்தா இருந்தா, புடிச்சதக் கீழ வெக்காம அடிக்கலாமில்ல?" என்றார். இடது கை விரல் நான்கும் மேசைமேல் தடதடவென்று ஓடிக் காட்டின.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அது வேறு கதை. நாங்கள் கீழே, அவள் மாடியில். ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலையும் பார்க்கிறாள். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, கம்ப்யூட்டரை நடத்துகிற ஏற்பாடு, அதில் பல வகை உண்டாம். அவள் சேர்ந்திருக்கிற வகை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. தேசம் தேசமாக ஆட்கள் கூடி, யார் யாரோ எழுதிய புரோகிராம்களை அதற்குள் சேர்க்கிறார்கள். அப்படியே அள்ளிப் போட்டுவிட முடியாதாம். எது எந்த இடத்தில் உட்கார வேண்டும், எது இருந்தால் எது ஓடும் என்று பார்த்து, விவரச்சீட்டு எழுதி, பொட்டலமாகக் கட்டித் தர வேண்டுமாம். அப்படிக் கட்டுகிறவர்களில் என் மகளும் ஒருத்தி. அப்பாவின் புரோகிராமையும் பல வருஷத்துக்கு முன்பே அவள்தான் கட்டிச் சேர்த்தாள்.

ஒருநாள் ஏதோ ஒரு தேசத்துப் பள்ளிக்கூட வாத்தியார் நன்றி சொல்லி இவருக்குக் கடிதம் போட்டிருந்தார். அதை அச்செடுத்து, ரெசிஸ்டர் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

ரிட்டயராகிப் பல வருஷம் கழித்து மறதி ஆரம்பித்தது. முதலில் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. தார்நாகாவில் ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரில் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் போனிலிருந்தே யாரோ பேசினார்கள். "பெத்தாயன இக்கட உன்னாரம்மா. வச்சி தீஸ்கெள்ளண்டி." பெரியவர் இங்கே இருக்கிறார், வந்து கூட்டிப்போங்கள் என்று. போவன்பள்ளி மார்க்கெட்டில் ஒரு தக்காளி வியாபாரி. நானும் மகளும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனபோது, லாரிக்குப் பக்கத்தில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் யாரோ கொடுத்த டீ. எங்கள் வீடு இருக்கிற குஷாய்குடாவுக்கு நேர் எதிர்த்திசை அது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கை நீட்டினாள்.

"ஸ்கூட்டர் சாவியக் குடுங்கப்பா."

"கைக்கு?"

"கைக்கா? தார்நாகா எங்க, போவன்பள்ளி எங்கப்பா?"

"தக்காளி வெல கேக்கப் போனேன்."

"சரி, என்ன வெல?"

அவர் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். டாக்டரிடம் போனோம். ஞாபகக் குறைவின் ஆரம்பம், இனி மெதுவாகக் கூடும் என்று டாக்டர் சொன்னார். டாக்டரிடம் கூட்டிப்போனதும் மகள்தான் என்பதால் கோபம் இன்னும் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் நேரில் பேசிக்கொள்வது நின்றது. "அம்மா, அவர மாத்திரை போட்டுக்கச் சொல்லு." "உம் மககிட்டச் சொல்லு, போட்டாச்சுன்னு." ஒரே அறையில் இரண்டு பேரும் இருப்பார்கள், நடுவில் நான் தபால்காரி.

அதற்கப்புறம்தான் அந்தக் காலைப் பரீட்சை ஆரம்பமானது. காப்பி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். டப்பாவுக்குள் பார்க்காமல் கையை விட்டு ஒரு ரெசிஸ்டரை எடுப்பார். லென்ஸ் வைத்து நிறத்தைப் படிப்பார். "மஞ்சள், ஊதா, சிவப்பு. நாலாயிரத்து எழுநூறு." வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இடது கையால் பேரை அடித்து, நிறங்களையும் அந்தக் கையாலேயே தடவித் தடவி அடிப்பார். அவர் சொன்னதையே மெஷினும் சொல்லும். இப்படிப் பத்து. முடிந்ததும் பாக்கெட் டயரியில் அன்றைய தேதிக்கு நேரே 10/10 என்று எழுதி, டயரியைச் சட்டைப்பைக்குள் வைத்து, பைமேல் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுத்தான் அவருக்கு அன்றைய தெம்பு. அதை வைத்துக்கொண்டு மெஸ்ஸேஜ் அனுப்புவார், பேப்பர் படிப்பார், தெருமுனை வரைக்கும் நடந்து வருவார். நேற்று யார் வந்தார் என்பது தெரியாமல் இருக்கும். இது மட்டும் தப்பாது.

அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் சில நிறங்கள் மனப்பாடமாகிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் மகள் கீழே வந்தாள். நான் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இரண்டு காயை எடுத்துக்கொண்டாள். வேலை செய்ய அல்ல, கைக்கு ஏதாவது வேண்டுமே என்று.

"அம்மா, ஒரு தொல்லை. அப்பா புரோகிராம் பேரு இருக்குல்ல, அதே பேருல இன்னொண்ணு வந்திருக்கு."

"அதனால என்ன கண்ணு? நம்ம காலனியிலயே ஒரே பேர்ல நாலு பேர் இருக்காங்க."

"மனுஷங்க இருக்கலாம்மா. இங்க முடியாது. ஒரு பேர அடிச்சா ஒண்ணுதான் வரணும். ரெண்டு பேக்கேஜும் ஒரே எடத்துல ஒரே பேர வெச்சா, பின்னாடி வர்றது முன்னாடி இருக்கறதுமேல ஏறி உக்காந்துக்கும். அதனால ரெண்டையும் விடமாட்டாங்க."

"யாரு மொதல்ல வந்தது?"

"அப்பாதான். பல வருஷம் முன்னாடி."

"அப்பறம் என்ன? பொறவு வந்தவங்க மாத்திக்கட்டும்."

மகள் காயைத் தட்டில் போட்டாள். "அவங்களோடது கம்பெனி கம்பெனியா ஓடுதும்மா. பாடப் புஸ்தகத்துல எல்லாம் அந்தப் பேருதான் போட்டிருக்கு. அப்பாவோடது யாரு வெச்சிருக்கா? அப்பா. அந்த வாத்தியார். இன்னும் கொஞ்சம் பேரு."

"வம்பு பண்றாங்களா?"

"இல்லம்மா, ரொம்ப மரியாதையாத்தான் எழுதறாங்க. அதான் எனக்குக் கஷ்டம். ரெண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வரணும். வரலைன்னா ரெண்டு பேருமே பேர மாத்தணும். அதான் ரூலு."

"ரெண்டு பேருக்கும் இல்லாமயா?"

"ரெண்டு பேருக்கும் இல்லாம."

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. சண்டை போட்டால் இருவருக்கும் கிடையாது என்று சட்டம் போட்ட புண்ணியவான் யாரோ, மாமியார் மருமகள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுதினவர் சம்மதிக்கறாரான்னு கேட்டிருக்காங்க. வேற யாரோடதாவதுன்னா நானே மெயில் போட்டுக் கேட்டுருவேன். அப்பாகிட்ட நீ கேளும்மா. நான் கேட்டா, சாவியப் புடுங்கினா, இப்ப இதையும் புடுங்கறாம்பார்."

"நானா? எனக்கு என்ன தெரியும் அம்மிணி?"

"பேர மாத்தறோம், சரியான்னு கேளு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றுதான் எனக்கும் பட்டது. ஏன் அப்படிப் பட்டதென்று சொல்ல வேண்டும். என் பேரையும் ஒருமுறை மாற்றினார்கள். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பேரும் என் மாமியார் பேரும் ஒன்று. மருமகளை அதட்டிக் கூப்பிட்டால் மாமியாரைப் பேர் சொல்லி அதட்டினது போலாகிவிடும் என்று, முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாமியாரின் தங்கை ஒரு புதுப் பேரைச் சொன்னார். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளைக்கு அந்தப் பேரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன், காது மந்தம் என்று நினைத்தார்கள். அப்புறம் திரும்பப் பழகினேன். ரேஷன் கார்டு, பாங்க்குப் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் பேர்தான். முதல் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் யாரும் மிச்சமில்லை.

மறுநாள் காலை பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது அவர் பின்னால் போய் நின்றேன். ஐம்பது வருஷமாகக் கூட வாழ்ந்தாலும் அவரிடம் ஒன்று கேட்பதற்கு எனக்கு முந்தானை நுனி கையில் வேண்டும்.

"ஏனுங்க."

"ம்."

"ஒரு பேர மாத்தோணும்னா கஷ்டமாத்தான் இருக்குமில்லீங்க?"

அவர் லென்ஸிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உம் பேரத்தான் மாத்துனோம். என்ன கொறஞ்சு போச்சு? கை போச்சா, கால் போச்சா?" சிரித்தார். "ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. முன்னூத்து முப்பது." இடது கை ஓடியது. மெஷினும் அதையே சொன்னது. "பாத்தியா புள்ள? பத்துக்குப் பத்து. உம் மக என்னைய மறை கழண்டவங்கறா."

டயரியை எடுத்தார், எழுதினார், பையைத் தட்டினார். நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த நிமிஷத்தில் மேற்கொண்டு இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம். உங்கள் புரோகிராம் பேரைத்தான் சொல்கிறேன் என்று ஒன்று. மகள் கேட்கச் சொன்னாள் என்று இன்னொன்று. பேசவில்லை. வெட்கம், பயம் என்றெல்லாம் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க நிஜமில்லை. என்ன கொறஞ்சு போச்சு என்று அவர் சிரித்தது எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. சரி, உங்களுக்கும் ஒன்றும் குறையாதல்லவா என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான்.

சாயங்காலம் மகள் கேட்டாள். "சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிப்போட்டேன் கண்ணு. ஆகட்டும்னுட்டார்."

"நிஜமாவா? கத்தலையா?"

"இல்ல. என்ன கொறஞ்சு போச்சுன்னு கேட்டார்."

"அப்பாவா அப்படிச் சொன்னார்?" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தன்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டாள், பாவம். மாடிக்குப் போய் இந்தப் பேர்ப் பேச்சு நடக்கிற, எல்லோரும் பார்க்கிற பொதுக் கடிதத்தில், எழுதியவர் பெருந்தன்மையோடு சம்மதித்துவிட்டார் என்று எழுதினாளாம். தேசம் தேசமாக நன்றி வந்ததாம்.

ஐம்பது வருஷத்தில் எனக்காக அவர் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறார், எத்தனையோ வேண்டாம் சொல்லியிருக்கிறார். அவருக்காக நான் சொன்னது அந்த ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து மகள் ஒரு சீட்டில் புதுப் பேரை எழுதிக் கொடுத்தாள். பழைய நான்கு எழுத்து, ஒரு சின்னக் கோடு, அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து எழுத்து. "இத அப்பா ஸ்க்ரீன் ஓரத்துல ஒட்டிரும்மா. புது வெர்ஷன் வந்ததும் பழைய பேர் வேலை செய்யாது. அவர் மெஷின் தானாவே மாத்திக்கும்."

"எப்ப வரும்?"

"கொஞ்ச நாள்ல வந்துரும். எனக்கு பெங்களூர்ல ரெண்டு வாரம் வேலை இருக்கு. நீ ஒட்டிரு, என்ன?"

அந்தச் சீட்டை ஒட்ட வேண்டுமானால் அது என்ன என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சம்மதம் யார் கொடுத்தது என்று வரும். நாளைக்கு ஒட்டலாம் என்று சாம்பார்ப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அடுத்த நாளும் நாளைக்குத்தான்.

எத்தனை நாள் அப்படிப் போயிற்று என்று எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை. ஐந்தாறு நாள் இருக்கும். மகள் பெங்களூரில் இருந்தாள், அது நிச்சயம். அன்று காலை, "சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. இருபத்தீராயிரம்" என்று குரல் வந்தது. விரல்கள் ஓடின சத்தம் வந்தது. அதன்பின் சத்தமில்லை. திரும்ப விரல்கள் ஓடின. திரும்ப அமைதி. எட்டிப் பார்த்தேன். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது.

இன்னொரு காலமாயிருந்தால் மெஷினைத்தான் வைதிருப்பார். தலையில் தட்டியிருப்பார், ஒயரைப் பிடுங்கிச் சொருகியிருப்பார். தொழிற்சாலையில் அதுதானே அவர் பிழைப்பு, எது கெட்டிருக்கிறதென்று கண்டுபிடிப்பது. அன்றைக்கு அவர் மெஷினை ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டது எது என்று முடிவு செய்துவிட்டார்.

பிறகு ரெசிஸ்டரைக் கீழே வைத்தார். டயரியின் பின்பக்கத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதுவார், அடித்துப் பார்ப்பார், பேனாவால் கோடு போட்டு அழிப்பார். அந்தப் பக்கத்தை நான் பிற்பாடு பார்த்தேன். நான்கு நான்கு எழுத்தாக, எழுத்தை முன்பின் மாற்றி, ஒரு பக்கம் முழுக்க. சொந்தமாக வைத்த பேரை அப்படித் தேடியிருக்கிறார். முதல் வரியில் எழுதி அழித்திருந்தது சரியான பேர். மகள் தந்த சீட்டின் முதல் நான்கு எழுத்தோடு வைத்து நான் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நான் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன், போகாமலில்லை. முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். காலடிச் சத்தம் கேட்டதும் டயரியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாமல் மூடுவது போல. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்ன?"

"காப்பி இன்னொரு வாய் வேணுங்களான்னு கேக்க வந்தேனுங்க."

"நக்கோ."

திரும்பி வந்து சீட்டை டப்பாவுக்கு அடியிலேயே வைத்தேன்.

அடுத்த நாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் காப்பி குடித்துவிட்டு அந்த அறைப்பக்கம் போகவில்லை. பிஸ்கட் டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பேப்பரும் பிரிக்கவில்லை. மருந்து எது என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கொடுத்ததைக் கையேந்தி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். தெருமுனைக்கு நடக்கலாமா என்றால், "வழி தப்பிப்போட்டா?" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். பையைக்கூட மாடிக்கு எடுத்துப்போகாமல், நேராக அப்பாவிடம் போய் நின்றாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நேரடியாகப் பேசினாள்.

"என்னப்பா, டெஸ்ட் பண்றதில்லயா? புதுப் பேரு புடிக்கலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன புதுப் பேரு?"

"உங்க புரோகிராமோட புதுப் பேருப்பா. பழசு இனி வராது. அம்மா சொன்னாங்களே. நீங்ககூட ஆகட்டும்னு சொன்னீங்களாமே."

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். சொல், சொல் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. தேடித் தேடி, கடைசியில் அவரே தலையை ஆட்டினார்.

"ஹவ். சொன்னா, சொன்னா. நாந்தான் மறந்துபோட்டேன்."

பேரை மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தவருக்கு, பேர் மாறியதைச் சொன்னதையும், தான் சம்மதித்ததையும் சேர்த்து மறந்துவிட்டோம் என்று ஆகிவிட்டது. நடக்காத ஒன்றை மறந்ததாக ஒப்புக்கொண்டார். ஐம்பது வருஷத்தில் நான் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. அதனால் என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

மகள் அவர் தோளைத் தொட்டு, "பரவால்லப்பா, உங்க மெஷின்ல மட்டும் பழைய பேரே வர்ற மாதிரி பண்ணித் தர்றேன்" என்றாள். ஐந்து நிமிஷத்தில் செய்தும் வைத்தாள். ஐந்தே நிமிஷம். டப்பாவை இறக்கி முன்னால் வைத்தாள். அவர் ஒரு ரெசிஸ்டரை எடுத்தார், நிறத்தைப் பார்த்தார், அளவைச் சொல்லவில்லை. "நீயே வெச்சுக்க அம்மிணி" என்று மகள் கையில் கொடுத்துவிட்டார்.

அதற்குப்பின் சரிவுதான். டாக்டர் சொன்ன நோய்தான் அது, நான் உண்டாக்கியதில்லை என்று எனக்கும் தெரியும். எப்படியும் வந்திருக்கும். ஆனால் வருவதற்கு முன்னாலேயே அவர் எழுந்து அதற்கு இடம் விட்டுவிட்டார். இன்னும் ஒரு வருஷமோ, ஆறு மாசமோ, பையைத் தட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்திருப்பார். அந்த ஆறு மாசத்துக்கு யார் பதில் சொல்வது?

இப்போது மகளை, யாருங்க என்று கேட்கிறார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் முன்பும் கிடையாது, அதனால் என் பேர் ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. மத்தியானத்தில் வராந்தா நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிறேன். சும்மா இருக்கும்போது இடது கை விரல் நாலும் நாற்காலிக் கைப்பிடிமேல் ஓடும். அதே வரிசை, அதே வேகம். விரலுக்கு மறக்கவில்லை.

போன மாசம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, நீங்க மறக்கலீங்க. நாந்தான் உங்ககிட்டச் சொல்லல. கேட்டதாப் பொய் சொல்லிப்போட்டேன்."

"ஹவ்" என்றார்.

"உங்க மேல தப்பில்லீங்க."

"ஹவ்."

தோசை வேண்டுமா என்றாலும் இப்போது அதுதான் சொல்கிறார். நக்கோ என்கிற வார்த்தை எப்போதோ போய்விட்டது.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நேரில் பேசுவதைவிட எழுதுவதில் எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைகிறது. அவள் எழுதிய அந்தப் பொதுக் கடிதம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அங்கேயே இருக்குமாம், அழிக்க முடியாதாம். அதில் சம்மதித்தவர் என்று போட்டிருப்பது அவரல்ல, நான்.

முடிக்கும் முன் ஒரு உதவி கேட்கிறேன். அவருடைய டயரி என்னிடம் இருக்கிறது. கடைசியாக 10/10 என்று எழுதின தேதியை என்னால் படிக்க முடிகிறது. அந்தப் புது வெர்ஷன் எங்கள் வீட்டு மெஷினுக்குள் வந்த தேதியும் மெஷினுக்குள்ளேயே எங்கேயோ பதிந்திருக்கும் என்று மகள் ஒரு பேச்சில் சொன்னாள். அது இங்கிலீஷில் இருக்கும், எனக்குத் தேடத் தெரியாது. அந்த இரண்டு தேதியும் அடுத்தடுத்த நாளா என்று, விவரம் தெரிந்தவர் யாராவது வந்து சரிபார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற விவரங்களில் நான் தப்பாக எழுதியிருந்தாலும் திருத்துங்கள். ஆனால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். அடுத்தடுத்த நாளாக இருந்தால், அன்றைக்கு நின்றுபோனது பேர்தான், அவர் அதை மறக்கவில்லை என்று ஆகும். கேட்டு அவருக்குப் புரியாது. இருந்தாலும் அவர் காதில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.